பேரவை பிடுங்கிய கத்தரி

பேரவை வருவதற்கு முன்னர் அருளம்பலத்தின் கத்தரிக்காய் வெறும் கத்தரிக்காயாகத்தான் இருந்தது. உரும்பிராய்ச் செம்மண்ணில் விளைந்தது, ஊதா நிறமானது, பால்கறிக்கு உகந்தது என்பதற்கு மேல் அவருக்கும் அதைப்பற்றி எதுவும் தெரியாது; வாங்கியவர்களும் கேட்டதில்லை. சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்தில் கூடும் இயற்கைச் சந்தைக்கு அவருடைய மனைவி குணலட்சுமி போவாள். சாக்கை விரித்துக் காயைக் குவிப்பாள். வெயில் ஏறுவதற்குள் வெறும் சாக்கை உதறிக்கொண்டு வீடு வந்துவிடுவாள்.

பிறகு அந்தச் சந்தையை வடபுல இயற்கை விளைச்சல் தூய்மைப் பேரவை பொறுப்பேற்றது. பொறுப்பேற்ற அன்று கூட்டம் வைத்தார்கள். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை என்று ஒவ்வொன்றாக நடந்து முடிய, சந்தைக்கு வந்த கீரையெல்லாம் தலை கவிழ்ந்துவிட்டது. விஷயம் நன்றியுரையின் கடைசி வசனத்தில் இருந்தது. பேரவையின் பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டாத எதையும் இனிமேல் அங்கே விற்க முடியாது.

"சாணியும் சாம்பலும் போட்டு வளக்கிற கத்தரிக்கு என்னத்துக்கப்பா ஸ்டிக்கர்?" என்று கேட்டாள் குணலட்சுமி.

"படிச்ச ஆக்கள் சொல்லுகினம். காரணம் இருக்கும்."

அருளம்பலம் அப்படிப்பட்டவர். அரசாங்கக் கச்சேரியிலிருந்து தொலைபேசி வந்தால் எழுந்து நின்று கதைக்கிற மனிதர். கல்யாணமான நாள் முதலாக குணலட்சுமி அவரோடு சண்டை பிடித்ததெல்லாம் இந்த ஒரு குணத்துக்காகத்தான். மற்றபடி அவளுக்கு அவரில் குறை இல்லை.

அந்தக் கத்தரி அவளுடைய தாய்வீட்டு விதை. அளவெட்டியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது, சீதனக் காணியோடும் நகையோடும் ஒரு போத்தலில் சாம்பல் கலந்து அதையும் கொண்டுவந்தாள். நகைகள் மகளின் கனடாப் பயணத்தோடு போய்விட்டன. விதை மட்டும் வருடத்துக்கு வருடம் மண்ணுக்குள் போய்ப் புதிதாகி வந்தது. அளவெட்டியில் இப்போது அது எவரிடமும் இல்லை. ஆகவே இந்த வீட்டில் இல்லாமல் போனால் அது எங்கும் இல்லை.

*

ஸ்டிக்கருக்கு விண்ணப்பித்ததும் பேரவையின் கள உத்தியோகத்தர் றமேஸ் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். நல்ல பெடியன். ஆனால் கழுத்தில் பேரவையின் அடையாள அட்டையைப் போட்டதும் அவனுக்குள் வேறொரு ஆள் வந்துவிடுவார்.

"ஐயா, இலையிலை வெள்ளையாய்க் கிடக்கிறது என்ன?"

"சாம்பல் தம்பி. அடுப்புச் சாம்பல். தூவினால் பூச்சி அண்டாது."

"என்ன விறகு?"

"பனை மட்டை, பூவரசு... போன கிழமை ஒரு முறிஞ்ச கதிரையும் எரிச்சனாங்கள்."

றமேஸ் எழுதுவதை நிறுத்தினான். "கதிரைக்கு வார்ணிஷ் பூசியிருந்ததோ?"

அருளம்பலம் மனைவியைப் பார்த்தார். குணலட்சுமி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வந்தாள்.

"தம்பி, அது இவர் இருந்து இருந்து தேஞ்ச கதிரை. வார்ணிஷ் ஏதும் மிஞ்சியிருந்தால் அடுப்பிலை இராது, இவரின்ரை பின்பக்கத்திலைதான் இருக்கும். வேணுமெண்டால் அதையும் சோதிச்சுப் பாரும்."

அதை அவன் எழுதவில்லை. தோட்டத்தின் நடுவில் பறவைகளை விரட்ட நின்ற வெருளிப் பொம்மையிடம் போய் அது போட்டிருந்த சேட்டை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்தான்.

"இது பொலியெஸ்டர்."

"ஓம் தம்பி. மகள் கனடாவிலை இருந்து அனுப்பினவ. இந்த வெக்கைக்கு என்னாலை போடேலாது."

"செயற்கை இழை ஐயா. இயற்கைத் தோட்டத்துக்குள்ளை செயற்கை இழை நிக்கேலாது. வெருளியும் பருத்திதான் உடுக்கவேணும்."

அன்று பின்னேரமே அருளம்பலம் தன்னிடமிருந்த ஒரே நல்ல பருத்திச் சேட்டை வெருளிக்குப் போட்டுவிட்டு, வெருளியின் சேட்டைத் தான் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்த குணலட்சுமி கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினாள். சிரித்தாளா அழுதாளா என்று அருளம்பலத்துக்குத் தெரியவில்லை.

றமேஸ் மாதிரிக்கென்று ஒரு பை நிறையக் காய் கொண்டுபோயிருந்தான். சோதனைக்கு இவ்வளவு வேண்டுமா என்று அருளம்பலம் கேட்டதற்கு, தலைவர் வீட்டுக்கும் ஒரு பங்கு சோதனைக்குப் போகவேண்டும் என்று சொல்லியிருந்தான். சில வாரங்களில் முடிவு வந்தது. நிராகரிப்பு. காரணம் சாம்பலும் இல்லை, வெருளியும் இல்லை.

"உங்கடை கத்தரியிலை மாற்றின மரபணு இருக்கு ஐயா. நூற்றுக்கு இரண்டு."

"உது சீனி வருத்தம் மாதிரியோ தம்பி? வெந்தயம் குடுத்தால் குறையுமோ?"

குறையாது. வேலிக்கு அந்தப் பக்கம் மார்க்கண்டு என்ற அயலவன் ஒரு விதைக் கம்பனிக்காகப் பரீட்சார்த்தமாகப் புதுக் கத்தரி போட்டிருந்தான். வீரா ஏழு என்று பெயர். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் மரபணுவை ஆய்வுகூடத்தில் எடுத்து அந்தக் கத்தரிக்குள் வைத்திருந்தார்கள். காயைத் துளைக்கிற புழு ஒரு கடி கடித்தால் போதும், அடுத்த கடி கடிக்க உயிரோடு இராது. அந்தப் பூக்களில் இருந்த வண்டுகள் வேலி தாண்டி வந்து இந்தப் பூக்களிலும் இருந்துவிட்டன. வண்டுகள் செய்ததெல்லாம் அவ்வளவுதான்.

*

அருளம்பலம் பேரவைக்குப் போனார். வாசலில் பெரிய சாடிகளில் பிளாஸ்ரிக் செடிகள் நின்றன. அவர் அவற்றைப் பார்ப்பதைக் கண்ட செயலாளர் பெர்னடெட், அவற்றுக்குத் தண்ணீர் தேவையில்லை, ஆகவே அது நீர்வளப் பாதுகாப்பு என்று தானாகவே விளக்கம் சொன்னார். சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டார். அந்த அலுவலகத்தில் உண்மையில் வேலை செய்த ஒரே ஆள் அவர்தான் என்பது அந்தப் பெருமூச்சிலேயே தெரிந்தது.

தலைவர் கலாநிதி ஜெயசுதன் குளிரூட்டிய அறையில் இருந்தார். அருளம்பலத்துக்கும் கதிரை இருந்தது. இருக்கச் சொல்ல ஆள்தான் இல்லை.

"உம்முடைய தோட்டத்துக்கும் வேலிக்கும் இடையிலை ஐம்பது மீற்றர் சும்மா விடவேணும். அப்பதான் கலப்பு வராது."

"ஐயா, என்ரை தோட்டத் தறையே வேலிக்கு வேலி நாற்பது மீற்றர் வராது."

தலைவர் சற்று யோசித்தார். "அப்ப நீர் கத்தரியைத் தறைக்கு வெளியிலைதான் நடவேணும்."

"வெளியிலை றோட்டெல்லோ ஐயா."

"அது உள்ளூராட்சி விஷயம். அதிலை நான் தலையிடேலாது."

"மார்க்கண்டற்றை பக்கம் ஐம்பது மீற்றர் விடச் சொல்லேலாதோ?"

"அவர் ஏன் விடவேணும்? அவர் இயற்கை எண்டு சொல்லேல்லையே. நீரெல்லோ சொல்லுறீர். தூய்மையாய் இருக்க விரும்புறவர்தான் செலவழிக்கவேணும்."

"அப்ப வண்டு?"

"வண்டைக் கட்டுப்படுத்துறது விவசாயியின்ரை பொறுப்பு."

"அது என்ரை வண்டோ மார்க்கண்டற்றை வண்டோ எண்டு எப்பிடி ஐயா தெரியும்?"

"உம்முடைய பூவிலை இருக்கேக்கை அது உம்முடைய வண்டு" என்றார் கலாநிதி ஜெயசுதன். ஆறு வருடம் வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்தவர் அவர். அந்த வசனத்தை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அருளம்பலம் நடந்ததைச் சொன்னபோது குணலட்சுமி பேரவையைத் திட்டவில்லை. பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சின்னச் சின்னப் பைகளாகத் தைத்தாள். நல்ல செடிகளாகப் பார்த்து, விரியப்போகிற மொட்டுகளில் அவற்றைப் போட்டுக் கட்டினாள். வித்துக்கு அந்தக் காய்கள் போதும். வண்டு அங்கே வராது. மற்றவை என்னவாக வேண்டுமென்றாலும் இருக்கட்டும், அவளுடைய விதை அவளுடையதாக இருக்கவேண்டும்.

*

சித்திரை பிறந்ததும் பேரவை ஒரு மாநாடு கூட்டியது. 'மரபணு மாற்றிய பயிரும் இயற்கைப் பயிரே' என்பது தலைப்பு. முதலில் கடைசியில் ஒரு கேள்விக்குறி இருந்ததாம். பதாகையில் இடம் போதாமல் விட்டுவிட்டார்கள். செலவை வீரா ஏழின் கம்பனி ஏற்றது. அளவெட்டியிலிருந்து நாதஸ்வரக் கோஷ்டி வந்தது. தலைவருக்குப் பிளாஸ்ரிக் மாலை போட்டார்கள். பொன்னாடையும் போர்த்தினார்கள், அது வெருளியின் சேட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று அருளம்பலம் நினைத்துக்கொண்டார்.

அவர் கடைசி வரிசையில் இருந்தார். பேரவை அவரை அழைத்திருந்தது, வரிசை நிரம்பவேண்டுமே.

தலைவர் பேசினார்.

"பெருமக்களே! இயற்கை என்றால் என்ன? மருந்து அடிக்காதது இயற்கை. வீரா ஏழுக்கு எவராவது மருந்து அடிக்கிறார்களா? இல்லை. ஏனென்றால் மருந்து உள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து போட்டால் அது நஞ்சு. உள்ளே பிறப்போடு இருந்தால் அது குணம்! புழுவை நாங்கள் கொல்லுகிறோமா? இல்லை. அது தானாக வருகிறது, தன் விருப்பத்தில் கடிக்கிறது, தானாக இறக்கிறது. இதைவிட இயற்கையான மரணம் வேறென்ன? இந்த மண்ணின் சைவப் பண்பாட்டுக்கும் இது முற்றிலும் ஏற்றது."

முன்வரிசை கைதட்டியது.

"ஆய்வுகூடத்தில் செய்ததல்லவா என்று சிலர் கேட்கலாம். ஆய்வுகூடத்தில் இருப்பவர் யார்? மனிதர். மனிதரைப் படைத்தது யார்? இயற்கை. ஆகவே ஆய்வுகூடமும் ஒருவகைத் தோட்டமே. அங்கே களை இல்லை என்பதுதான் வித்தியாசம்!"

பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கும் தக்சாயினி என்ற பிள்ளை எழுந்து நின்றாள். "சேர், போன மாதம் நூற்றுக்கு இரண்டு இருந்ததுக்கே ஒரு விவசாயியை நிராகரிச்சியள். இப்ப முழுக்க இருந்தால் அது இயற்கையோ? கொள்கை எப்ப மாறினது?"

"மிக நல்ல கேள்வி" என்றார் தலைவர். "இதற்கான பதில் நன்றியுரையில் வரும்."

நன்றியுரையில் அந்தக் கேள்விக்கு நன்றி சொன்னார்கள்.

பிறகு தீர்மானம் வாசிக்கப்பட்டது. கை தட்டியவர்கள் எல்லோரும் ஆதரவு என்று கொள்ளப்பட்டது. மண்டபத்துக்குள் நுளம்பு அதிகம். அவற்றை அடித்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தார்கள். மரபணு மாற்றிய பயிர் இயற்கைப் பயிரே என்று ஏகமனதாக முடிவானது. மதியச் சாப்பாடு பொலித்தீன் பைகளில் வந்தது.

அருளம்பலம் சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"இஞ்சாரும், எங்களுக்கு வழி பிறந்திட்டுது! உந்த மரபணு இருந்தால் பிழை எண்டவை, இப்ப அது இருந்தால் சரி எண்டிட்டினம். எங்களிட்டையும் கொஞ்சம் இருக்குத்தானே?"

குணலட்சுமி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "உங்களைக் கட்டின நாளிலை இருந்து நான் ஒண்டை மட்டும் கண்டன். ஆர் உங்களுக்கு அடிச்சாலும், அடிச்ச கை நோகுமோ எண்டுதான் முதலிலை கேப்பியள்."

"சும்மா இரும். நாளைக்கே விண்ணப்பிக்கிறன்."

விண்ணப்பித்தார். றமேஸ் மறுபடி வந்தான், மறுபடி ஒரு பை நிறையக் கொண்டுபோனான். இந்தமுறை முடிவு சொல்ல வந்தபோது அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் அதன் மேலேயே இருந்தான்.

"ஐயா, திரும்பவும் நிராகரிப்பு."

"ஏன் தம்பி? இரண்டு வீதம் இருக்கெல்லோ?"

"அதுதான் பிரச்சினை. இரண்டுதான் இருக்கு. புதுத் தரத்தின்படி தொண்ணூற்றைஞ்சு இருக்கவேணும். உங்கடை கத்தரியிலை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு மாற்றாத மரபணு. சுத்தமான அசுத்தம் எண்டு தலைவர் எழுதியிருக்கிறார்."

அருளம்பலம் தோட்டத்தைப் பார்த்தார். காய்கள் வழக்கம்போலத் தொங்கிக்கொண்டிருந்தன. தங்களைப் பற்றி இப்படிப் பேசுகிறார்கள் என்பது அவற்றின் முகத்தில் தெரியவில்லை.

"இன்னொரு விஷயமும் இருக்கு" என்றான் றமேஸ். மெதுவாகச் சொன்னான். "உங்கடை பூவிலை இருந்து மார்க்கண்டு அண்ணையின்ரை பூவுக்கு வண்டு போகுது. இப்ப அவரின்ரை கத்தரிக்கு ஸ்டிக்கர் கிடைச்சிட்டுது. உங்கடை கத்தரி அவரின்ரை இயற்கைக் கத்தரியை மாசுபடுத்துது. அதாலை அடுத்த கிழமை வந்து உங்கடையை முழுக்கப் பிடுங்க முடிவெடுத்திருக்கினம், முதல் செடியைத் தலைவரே பிடுங்குவாராம். நீங்கள் விடாட்டில் பொலிசோடை வருவினமாம்."

"ஐம்பது மீற்றர் அவர் விடட்டுமன்" என்றாள் குணலட்சுமி.

"அன்ரி, அந்த விதி அசுத்தமான ஆக்களுக்குத்தான்."

"அப்ப அண்டைக்கு அசுத்தம் அவர். விடவேண்டியது நாங்கள். இண்டைக்கு அசுத்தம் நாங்கள். விடவேண்டியதும் நாங்கள்."

றமேஸுக்கு அடையாள அட்டை கழுத்தில் கனத்திருக்க வேண்டும். அதைச் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

*

வேலிக்கு மேலால் மார்க்கண்டு எட்டிப் பார்த்தான். அவனுக்கும் முகம் சரியில்லை.

"அண்ணை, நான் ஒண்டும் கேக்கேல்லை. அவையளாய்த்தான் செய்யினம்."

"உனக்கென்ன, உன்ரை கத்தரி இப்ப பேரவைக் கத்தரி."

"பேரவை சாப்பிடட்டும். என்ரை மனிசி சமைக்கமாட்டன் எண்டிட்டா. புழுவே தின்னாததை நான் என்னத்துக்குத் தின்ன எண்டு கேக்கிறா. அக்கா, பால்கறிக்கு நாலு காய் தாங்கோவன், ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

குணலட்சுமி நாலு காய் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, துணி கட்டியிருந்த காய்களைப் போய்ப் பார்த்தாள். இன்னும் பச்சையும் ஊதாவுமாகத்தான் இருந்தன. மஞ்சளாகிப் பழுத்தால்தான் உள்ளே விதை முற்றும். அதற்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் வேண்டும். பேரவை அடுத்த வாரம் வரும்.

முதல்தடவையாக அவளுடைய குரல் இறங்கியது. "இஞ்சாருங்கோ. இந்தக் காய் பழுக்கிறவரைக்கும் மட்டும் எப்பிடியாவது பொறுக்கச் சொல்லுங்கோ. பிறகு எல்லாத்தையும் பிடுங்கட்டும். நான் ஒரு சொல் சொல்லமாட்டன்."

அவள் அவரிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. திட்டுவாள், கேலி செய்வாள், தானாகச் செய்துமுடிப்பாள். கேட்கமாட்டாள். அருளம்பலம் கனடாச் சேட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

பேரவையில் தலைவரும் உபதலைவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். அருளம்பலம் பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் அந்தக் குளிரில் உறைந்துபோயிற்று. கடைசியில் தன் மனதுக்குள் உண்மையாகவே உறுத்திக்கொண்டிருந்த ஒன்றைத்தான் கேட்டார்.

"ஐயா, பிடுங்கிறதுக்கு நாள் பாத்தனீங்களே?"

தலைவரின் பேனை நின்றது.

"நடேக்கை நாள் பாத்துத்தான் நட்டனான்" என்றார் அருளம்பலம். "காய்க்கிற செடியை நாள் பாராமல் பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆகாது எண்டுவினம். பிடுங்கிற கைக்கும் ஆகாது எண்டுதான்... முதல் செடியை ஐயாவெல்லோ பிடுங்கப் போறியள்."

தலைவர் தன் வலது கையைப் பார்த்தார். பேரவை தொடங்கியதிலிருந்து நல்லநேரம் பாராமல் ஒரு கடிதஉறை கூடப் பிரிக்கப்பட்டதில்லை. பஞ்சாங்கத்தை எடுத்தார்.

"வாற திங்கள் காலமை நல்லாயிருக்கு. அமிர்தயோகம்."

"எந்தப் பஞ்சாங்கம்?" என்று கேட்டார் உபதலைவர்.

"திருக்கணிதம்."

"வாக்கியத்திலை திங்கள் காலமை மரணயோகமெல்லோ!"

யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு. வீட்டில் எது பார்க்கப்படுகிறது என்பது பிறப்போடு வருகிற விஷயம், மாற்றிக்கொள்ள முடியாது. கணவனும் மனைவியும் வேறு வேறு பஞ்சாங்கம் என்றால் அந்த வீட்டில் வருடம் இரண்டுதரம் பிறக்கும். தலைவர் வீடு திருக்கணிதம். உபதலைவர் வீடு வாக்கியம். மரபணு மாற்றிய பயிர் இயற்கையா என்ற கேள்வியில் ஒரு மத்தியானத்துக்குள் ஏகமனதான பேரவை, இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிளந்தது.

தலைவர் சொன்ன நாளெல்லாம் உபதலைவருக்கு ஆகவில்லை. உபதலைவர் சொன்ன நாளில் தலைவருக்குச் சந்திராஷ்டமம். கடைசியில் உபகுழு ஒன்று அமைத்தார்கள். இரண்டு பஞ்சாங்கமும் பாராத நடுநிலையானவர் தலைமை தாங்கவேண்டும் என்பதால், கத்தோலிக்கரான பெர்னடெட்டை அதற்குத் தலைவராக்கினார்கள். அவர் இரண்டு பஞ்சாங்கத்தையும் வாங்கி மேசையில் வைத்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

வைகாசி போயிற்று. ஆனி போகும்போது இரண்டு பஞ்சாங்கத்துக்கும் பொதுவான ஒரு நாளைக் கண்டுபிடித்தார்கள். அது ஆடியில் விழுந்தது.

"ஆடியிலை நல்ல காரியம் செய்யிறதில்லை" என்றார் உபதலைவர்.

"பிடுங்கிறது நல்ல காரியம் இல்லையே" என்று தவறிச் சொல்லிவிட்டார் பெர்னடெட்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தலைவர் மிகப் பொறுமையாக விளக்கினார். "மிஸிஸ் பெர்னடெட், அது நல்ல காரியம் எண்டால் ஆடியிலை செய்யேலாது. கெட்ட காரியம் எண்டால் பேரவை அதைச் செய்யேலாது. ரண்டு வழியிலும் ஆவணிதான்."

பெர்னடெட் அதைக் குறித்துக்கொண்டார். தொலைபேசியில் அருளம்பலத்துக்குச் செய்தி சொன்னதும் அவர்தான். "ஆவணிதான் அண்ணை. அவசரப்பட வேண்டாம் எண்டு அக்காவிட்டைச் சொல்லுங்கோ" என்றார். அருளம்பலம் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

*

ஆனி முடிவதற்குள் துணிக்குள் இருந்த காய்கள் மஞ்சளாகிவிட்டன. குணலட்சுமி அவற்றைப் பிய்த்துக் கரைத்து, விதையை அரித்தெடுத்து, சாம்பலில் பிரட்டி நிழலில் உலர்த்தினாள். ஆடிக் காற்றில் செடிகள் சாய்ந்தன. காய்ப்பும் ஓய்ந்தது. வருடாவருடம் செய்வதைப்போல அருளம்பலம் அவற்றைப் பிடுங்கி எரித்துவிட்டு நிலத்தைக் கொத்திப் போட்டார்.

ஆவணியில் ஒரு நல்ல நாளில் பேரவை வந்தது. இரண்டு வான் வண்டி, அளவெட்டி நாதஸ்வரம், படம் பிடிக்கிறவர்கள், கறுப்பு எழுத்தில் 'அசுத்தக் கத்தரி ஒழிப்பு விழா' என்று எழுதிய பதாகை. தலைவர் பட்டு வேட்டியோடு இறங்கித் தறையைப் பார்த்தார். வெறும் செம்மண் கிடந்தது.

"எங்கை கத்தரி?"

"காலம் முடிஞ்சுது ஐயா. பிடுங்கிப்போட்டன்."

"ஆரைக் கேட்டுப் பிடுங்கினீர்?" தலைவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "அனுமதியில்லாமல், நாள் பாராமல்! நேரம் முடியப்போகுது. நான் இப்ப எதைப் பிடுங்கிறது?"

நாதஸ்வரக்காரர் வாசிப்பதா விடுவதா என்று தெரியாமல் சீவாளியை நனைத்துக்கொண்டிருந்தார். பெர்னடெட் வானத்தைப் பார்த்தார். அப்போது வேலிக்கு மேலால் மார்க்கண்டு தலையை நீட்டினான்.

"சேர், கம்பனி தந்த நாற்று என்னட்டைத் தட்டோடை கிடக்கு. வேணுமெண்டால் கொஞ்சம் ஊண்டி விடவோ?"

ஊன்றினார்கள். அருளம்பலம் மறித்தால் விலக்குவதற்கென்று அழைத்துவரப்பட்ட இரண்டு காவலாளிகளும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நாற்று நட்டார்கள். றமேஸ் தலைவரின் காதுக்குள் குனிந்தான்.

"சேர், உது எங்கடை ஸ்டிக்கர் ஒட்டின கத்தரியெல்லோ. வீரா ஏழு."

"படத்திலை மரபணு தெரியாது" என்றார் தலைவர்.

நாதஸ்வரம் முழங்கியது. கலாநிதி ஜெயசுதன் குனிந்து, பேரவை ஏகமனதாக இயற்கையென்று அறிவித்த செடியை வேரோடு பிடுங்கி உயர்த்திக் காட்டினார். உபதலைவர் அடுத்ததைப் பிடுங்கினார். வரிசை முடிந்தது. இந்த மண் இன்று தூய்மை பெற்றது, இனி அந்த அசுத்தக் கத்தரி இங்கே ஒருபோதும் முளைக்காது என்று தலைவர் பேசினார். அவர் நின்ற இடத்துக்குப் பின்னால், தென்னங்கிடுகு போட்டு மூடிய நாற்றுமேடையில், குணலட்சுமியின் விதை போட்டு இரண்டு நாளாகியிருந்தது.

எல்லோரும் வண்டிகளில் ஏறப் போனார்கள். தலைவர் மட்டும் பின்தங்கினார். கையை உதறித் துடைத்துக்கொண்டு, அருளம்பலத்தை விட்டுவிட்டு குணலட்சுமியிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். முதல்தடவையாக மரியாதையாகக் கதைத்தார்.

"அக்கா, உங்கடை அந்தக் கத்தரிக்காய் இனி எப்ப வரும்?"

அருளம்பலம் கிடுகு மேடையைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார். குணலட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"என்ன சேர் கேக்கிறியள்? அது இனி முளையாதெண்டு இப்பதானே சொன்னியள்."

"அது கூட்டத்துக்கு" என்றார் கலாநிதி ஜெயசுதன். "சோதனைக்கு எண்டு வந்த காயைச் சமைச்ச நாளிலை இருந்து மனிசி வேறொண்டையும் தொடுறா இல்லை. காய்ச்சதும் றமேஸிட்டைக் குடுத்துவிடுங்கோ. ஒண்டு மட்டும், மறந்தும் எங்கடை ஸ்டிக்கர் ஒட்டினதைத் தந்துவிடாதையுங்கோ. அவ சட்டியிலை போடமாட்டா."